தையல்காரி வீட்டு அம்மன்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கோயில் அம்மன் பீடத்தைவிட்டு எழுந்து, இரண்டு தெரு நடந்து, தையல்காரியின் வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடை வாசலில் நின்ற ஏழு பேர் பார்த்தார்கள். கல் பாதம் என்பதால் தார் ரோடு ஆங்காங்கே அமுங்கிப்போனது. அடுத்த மாதம் ஆட்கள் வந்து சரிசெய்தார்கள்.

தையல்காரி அப்போது தரையில் உட்கார்ந்து உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் லாரி மெக்கானிக். கொஞ்சம் கோபக்காரன் என்று தெருவில் சொல்வார்கள். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தில் டிவியைக் கூட்டி வைப்பதோடு சரி. அன்று இரண்டாவது அடிக்கு ஓங்கியவன், வாசலை அடைத்துக்கொண்டு அம்மன் உள்ளே வருவதைப் பார்த்து அப்படியே நின்றான். ஓங்கிய கை இறங்க நாலு நாள் ஆயிற்று. அதுவரை சட்டையைக் கழற்ற முடியாமல், பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடத்திலேயே கிடந்தான்.

பூசாரி பன்னிரண்டு ஆட்களோடு வந்தார். ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள், கயிறு கட்டி இழுத்தார்கள். சிமென்ட் தரை விரிசல் விட்டதே தவிர அம்மன் அசையவில்லை. களைத்துப்போய்த் தண்ணீர் கேட்டார்கள். தையல்காரி கொடுத்துவிட்டு, அவர்கள் போட்ட குப்பையைக் கூட்டத் துடைப்பத்தை எடுத்தாள். அம்மனை ஒரு கையால் வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, அடியிலும் கூட்டிவிட்டு, மறுபடி இறக்கி வைத்தாள்.

பூசாரி கேட்டார்: “நீயே தூக்கிட்டு வந்து கோயில்ல வெச்சிரும்மா.”

“தூக்குறது எனக்குக் கஷ்டமில்லைங்க. ஆனா இவ எதுக்கு இங்க வந்தான்னு நீங்க யாருமே கேக்கலையே.”

பூசாரியின் வீடும் பக்கத்தில்தான். அவருக்குக் காதில் எந்தக் கோளாறும் இல்லை. பன்னிரண்டு பேரும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கை இறங்கிய அன்று, இனிமேல் பட்டறையிலேயே தங்கிக்கொள்ளும்படி கணவனிடம் தையல்காரி சொன்னாள். அவன் தலையணையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. பூசை இப்போது அடுப்படியில்தான். சமையல் முடியும்வரை பூசாரி கூடத்தில் தையல் மெஷின் பக்கத்தில் காத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் வரிசை தெருமுனைவரை நிற்கும். மெக்கானிக்கும் குளித்துவிட்டு வந்து அதில் நிற்கிறான். அவன் முறை வரும்போது தையல்காரி அவனுக்கும் ஒரு பூவைக் கொடுத்துவிட்டு, அடுத்தவரை வரச் சொல்கிறாள்.