பின்சீட்டில் ஒரு பஸ் டிரைவர்

தையல்காரியின் மோட்டார் சைக்கிளில் அவள் மாமனார் முழங்கால் வைத்தியத்துக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போய்வருவார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்சீட்டிலிருந்தே இல்லாத பிரேக்கை மிதிப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டி அவளைவிட வயதில் மூத்தது. முன் பிரேக்கைப் பிடித்தால், "யாரு, என்னையா கூப்பிட்டே?" என்று கேட்டுவிட்டு வருவதுபோல் ஆற அமரத்தான் வரும்.

ஒருநாள் மருத்துவமனை இறக்கத்தில் வண்டி நிற்காமல் போய், ஒரு தள்ளுவண்டியை உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. மாமனார் இறங்கிச் சட்டையை உதறிக்கொண்டார்.

"முழங்கால் வைத்தியமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்மா. நான் வீட்டிலயே கிடக்கேன்."

சொன்னபடி கிடந்தார். பேச்சும் குறைந்துபோனது. வெளியூர் வேலையிலிருந்த கணவன் போனில், "வண்டியை வித்துடு" என்றான். மெக்கானிக்கோ, "பிரேக் ஷூ புதுசுதான் போட்டேன். கிழட்டு வண்டி, இவ்வளவுதான் பிடிக்கும்" என்று கைவிரித்துவிட்டான்.

புதுத்துணி என்பதற்காக உடம்புக்குப் பொருந்திவிடுமா என்று அவளுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரத்தைக் கழற்றினாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, உள்ளேயிருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுத்தாள். சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணமான டிரம்முக்குள் வளைந்து உட்காரும் அந்த இரண்டு ஷூக்கள்மேலும் தையல் சுண்ணக்கட்டியைப் பூசி, மாட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சக்கரத்தைச் சுற்றினாள். திரும்பக் கழற்றியபோது நடுவில் மட்டும் சுண்ணம் அழிந்திருந்தது. இரு முனைகளும் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தன. டிரம் தேய்ந்து அகன்றுவிட்டது. ஷூவின் வளைவு அதற்குப் போதவில்லை.

மேடாயிருந்த நடுப்பகுதியை உப்புத்தாளால் தேய்த்தாள். பூசினாள், சுற்றினாள், கழற்றினாள், மறுபடி தேய்த்தாள். மதியச் சோறு ஆறிப்போனது. சன்னலில் நின்ற மாமனார் பொறுக்கமாட்டாமல் வாசலுக்கு வந்தார்.

"இன்னுமா முடியலை?"

"ஷூ பூரா படியுது மாமா. இப்ப ரெண்டும் டிரம்முக்கு நட்டநடுவில உட்காரணும். நீங்க பிரேக்கை இறுக்கிப் பிடிச்சா, நான் அச்சு நட்டை முடுக்கிடுவேன். விடச் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

அவர் பிடித்தார். கை நரம்பு புடைத்தது.

"விடலாம் மாமா."

"நல்லா முடுக்கிட்டியா?" என்று கேட்ட பிறகே விட்டார்.

தெருவில் தனியாக ஓட்டிப் பார்த்தபோது பிரேக் கூப்பிட்ட குரலுக்கு வந்தது. மறுநாள் அவர் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அதே இறக்கம். குறுக்கே ஒரு வேன் வந்தது. அவள் பிடித்தாள். வண்டி முன்பக்கம் சற்றே அமுங்கி, கோடு போட்டதுபோல் நின்றது.

மாமனார் பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

"ஏம்மா, என்கூட வேலை பார்த்த கண்டக்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கான். வழியில ரெண்டு இறக்கம் வரும்."

"போகலாமா மாமா?"

"இன்னைக்கு வைத்தியம் முடியட்டும். நான் செத்துட்டேன்னே அவன் நினைச்சிட்டிருப்பான்."