அரைக் கட்டை

அவளுடைய அண்ணனும் வேன்காரரும் அந்தக்கால விசை வாத்தியமான ஹார்ப்சிகார்டைத் தூக்கிவந்து, பியானோவுக்கு எதிரே பழைய இடத்தில் வைத்தார்கள். பழுதுபார்க்கப் போயிருந்தது. தந்திகளை மீட்டும் இறகுகள் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும் என்று அண்ணன்தான் எடுத்துப் போயிருந்தான். அவளுடைய கச்சேரிகளைப் பேசி முடிப்பதும் அவன்தான். முன்பாதி ஹார்ப்சிகார்ட், பின்பாதி பியானோ. அப்படித்தான் அவளுக்குப் பெயர் வந்தது.

"புதுப்பொண்ணு மாதிரி வந்திருக்கா. வாசிச்சுப் பாரு."

நின்றபடியே நான்கு விசைகளை அழுத்தினாள். திரும்பி, பியானோவில் அதே நான்கை அழுத்தினாள். இரண்டும் ஒன்றாக ஒலித்தன.

ஒலிக்கக் கூடாது. ஹார்ப்சிகார்ட் பழைய சுருதி. பியானோவைவிட அரைக் கட்டை கீழே இருக்கும்.

குனிந்து பார்த்தாள். விசைப்பலகை முழுவதும் வலப்பக்கம் தள்ளப்பட்டிருந்தது. வலது ஓரத்தில் இருக்கவேண்டிய மரத்துண்டு இடது ஓரத்தில் செருகியிருந்தது. இன்றைய வாத்தியங்களோடு சேர அப்படித் தள்ளிக்கொள்ளலாம். அவள் தள்ளியதே இல்லை. போன வாரம் பெரிய குழுவோடு நடக்கவிருந்த கச்சேரிக்குத்தான் முதல்முறையாகத் தள்ளுவதாக இருந்தாள். அது ரத்தாகிவிட்டதென்று அண்ணன் சொல்லியிருந்தான்.

"யார் வாசிச்சது?"

"எதை?"

"அண்ணா."

வேன்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார்.

"ரிப்பேர்காரன் தள்ளிப் பாத்திருப்பான். மறந்திருப்பான்."

"தள்ளிட்டு, அதுக்கு ஏத்தமாதிரி எல்லாத் தந்தியையும் சுருதி கூட்டி வெச்சானா? அவனுக்கு வேற பொழப்பே இல்லையா?"

அண்ணன் பியானோ ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"உன் சிநேகிதிதான்."

கூடப் படித்தவள். ஹார்ப்சிகார்ட் மட்டும் வாசிப்பவள். நேற்றுக்கூடப் போனில் வெகுநேரம் பேசினாள், முழங்கால் வலியைப் பற்றி.

"ரெண்டு கச்சேரியையும் ஒருத்திக்கே தர மாட்டோம்னு நடத்துறவங்க சொல்லிட்டாங்கம்மா. ஒண்ணு போன வாரம் இது, இல்லேன்னா அடுத்த மாசம் பியானோ. அது எவ்வளவு பெரிய ஹால்! உனக்காகத்தான் பியானோவைப் புடிச்சேன்."

"எனக்காக. என்னைக் கேக்காம."

"கேட்டா நீ இதைத்தான் சொல்லுவே."



"சரி. கருவியை எதுக்குக் குடுத்தே?"

"அவளோடது கொசு முனகுற மாதிரி இருக்கு. அவ்வளவு பெரிய குழுல எடுபடாது. உன்னோடதுதான்..." நிறுத்தினான். "நல்லா இருந்துதுன்னு சொன்னாங்க."

"நீ கேட்டியா?"

"முன்வரிசைல இடம் குடுத்துட்டாங்க. எப்படிப் போகாம இருக்க?"

அவள் மரத்துண்டைப் பிடுங்கினாள். விசைப்பலகையை இரு கைகளாலும் இடப்பக்கம் தள்ளினாள். சற்று முரண்டு செய்துவிட்டு நகர்ந்தது. மரத்துண்டை வலது ஓரத்தில் அழுத்திச் செருகினாள். இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்திப் பார்த்தாள். தள்ளிய நிலைக்கென்று கூட்டியிருந்த சுருதி இப்போது தாறுமாறாக இருந்தது. சுருதிச் சாவியை எடுத்தாள்.

"அடுத்த மாசத்துக்கு என்னம்மா சொல்லட்டும்? போஸ்டர் ஒட்டியாச்சு."

"ரத்துன்னு சொல்லு. உனக்குச் சொல்ல வருமே."

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் முதல் தந்தியைத் தளர்த்தினாள்.