படங்கள் என்ற கோப்புறையில் ஒரே ஒரு படம்

1

“நீங்கதான் அழிச்சீங்க—”

“நான் எதையும் தொடல, மொழிய மட்டுந்தான்—”

“அம்மா படம் அத்தனையும் காணோம். உங்க கல்யாணப் படம் மட்டும் குத்துக்கல்லாட்டம் நிக்குது. அது எப்படி சித்தி?”

(ஒப்புக்கொள்கிறேன்: பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்டது. கதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் குரல்தான் முதலில் வரும். ஆள், அறை, நாற்காலி எல்லாம் பிறகு நானாக இழுத்துப் போட்டுக்கொள்வது. இப்போதெல்லாம் அதற்கே அலுப்பாக இருக்கிறது.)

2

அன்று மதியம் வெயில்

[வேண்டாம். வெயிலுக்கு இதில் வேலையில்லை.]

அந்தப் பெண்ணின் அம்மா போன பிறகு, சித்தி இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம். கம்ப்யூட்டரில் எல்லாம் ஆங்கிலம். அவளுக்குப் படிக்க வராது. இன்று மதியம் தட்டுத்தடுமாறி அதைத் தமிழுக்கு மாற்றினாள். மறுபடி திறந்ததும் அது கேட்டது: கோப்புறைகளின் பெயரையும் புது மொழிக்கு மாற்றவா, பழையதே இருக்கட்டுமா? இந்த வீட்டில் அவளைக் கேட்டுக்கொண்டு எதுவும் நடந்ததில்லை. ‘மாற்று’ என்பதை அழுத்தினாள். ‘படங்கள்’ என்று ஒன்று வந்தது. செல்போனிலிருந்த தன் கல்யாணப் படத்தை அதில் போட்டாள்.

[அவளைப் பொல்லாதவளாகவும் எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. “நான் தொடல” என்று நாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்த குரலில் பொல்லாப்புக்குத் தெம்பு ஏது?]

3

பெயர் மாற்றச் சொன்னால் அந்த மெஷின் காலிக் கோப்புறையை எடுத்துவிடும். உள்ளே ஏதாவது இருந்தால் தொடாது. பழையதைப் பழைய ஆங்கிலப் பெயரோடு விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்றை வைக்கும். பெண் திறந்து பார்த்தது அந்தப் புதியதைத்தான். இது அவர்கள் இருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். சுவரைத் தட்டிச் சொல்லிவிட

[நான் நடுவில் புகுந்தால் கதை கெட்டுவிடும்.]

“அப்பா வரட்டும். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்.”

“தள்ளு, நான் தேடறேன்.”

“உங்களுக்கு இங்கிலீஷே தெரியாதே!”

“படிக்கத் தெரியாது. எழுத்து எப்படி நிக்கும்னு தெரியும். இரு... இதோ, இதான்.”

நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். அம்மா சிரிக்கிறாள். அம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்றும் போகவில்லை.

“இதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீ காலேஜுக்குப் போனதும் தெனமும் பாப்பேன்.”

“எதுக்கு?”

“யாரு இடத்துல வந்து உக்காந்திருக்கேன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

4

முடிவு ஒன்று: பெண் மன்னிப்புக் கேட்கிறாள். (அடித்துவிட்டேன். அவ்வளவு சுலபமாக யார் கேட்கிறார்கள்?)

முடிவு இரண்டு: அப்பா வந்துவிடுகிறார். (வந்தால் டீ கேட்பார். அவ்வளவுதான்.)

மூன்றாவது ஒன்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை. சித்தி கடைசியாகக் கேட்டதை மட்டும் எழுதிவிடுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அதற்குமேல் சத்தமில்லை. அந்தப் பெண்ணின் பதிலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

“அந்த ஒரு படத்தையும் இதுக்குள்ளயே போட்டுக்கட்டுமா?”