செல்லுபடியான ஓட்டு

ஃபேக்ஸ் எந்திரத்திலிருந்து தாள் முழுதாக வெளியே வருவதற்குள்ளேயே சாந்தாமணி அதைப் படித்து முடித்துவிட்டாள். கல்வி மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. நூற்று எண்பத்தேழாம் சட்டத்துக்கு நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. எந்தக் குழந்தையிடமும் குடியுரிமைத் தாள் கேட்கக் கூடாது. யாரும் பள்ளியை விட்டு நிற்க வேண்டியதில்லை என்று பெற்றோருக்குத் தெரியப்படுத்த வேண்டும். கூடவே ஸ்பானிஷில் ஓர் அறிவிப்பு. நூறு பிரதி எடுத்து முன் மேசையில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்தை ஜெயிக்கவைத்து எட்டே நாள் ஆகியிருந்தது. அறிவிப்பை நூறு பிரதி எடுத்தாள். எடுத்த கட்டை அப்படியே தன் மேசைக்கு அடியில், காலி உறைகள் கிடந்த தட்டில் வைத்தாள். நேரம் கிடைக்கும்போது மேலே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். நேரம் கிடைக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

சன்னிவேலில் அந்த ஆரம்பப் பள்ளியின் அலுவலகத்தில் அவள் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். குடியுரிமை கிடைத்தது இந்த வருஷம் மார்ச்சில்தான். வாழ்க்கையில் அவள் போட்ட முதல் ஓட்டே நவம்பர் எட்டாம் தேதி போட்டதுதான். இரண்டு தெரு தள்ளி ஒருவர் வீட்டுக் கராஜில் அமைத்திருந்த வாக்குச்சாவடியில், புல்வெட்டும் எந்திரத்துக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில், ஓட்டு அட்டையை மடியவிடாமல் பிடித்துக்கொண்டு ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினாள். கவர்னர் பெயர் வந்தபோது கூடக் கை தயங்கியது. நூற்று எண்பத்தேழு வந்தபோது தயங்கவில்லை. தாளில்லாமல் நாட்டுக்குள் வந்தவர்களுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடம் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. அவ்வளவுதானே. கல்யாணமான பத்தாம் நாள் கருப்பசாமி விமானமேறிப் போய்விட்டான். விசாவுக்காக அவள் உடுமலைப்பேட்டையில் மாமியார் வீட்டில் மூன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தாள். பால்காரியிலிருந்து பூக்காரி வரைக்கும், புருஷன் கூப்பிட்டுக்க மாட்டானாமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த மூன்றரை வருஷத்தை யாரும் அவளுக்குத் திருப்பித் தரப் போவதில்லை. எல்லை வேலியைத் தாண்டி ஒரே ராத்திரியில் வந்தவளின் பிள்ளையும் அவள் முன்னால் நின்று இலவச மதியச் சாப்பாட்டுக்கு மனு நீட்டுகிறது. அவள்தான் முத்திரை குத்த வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்மநாபன் சாப்பிட வந்திருந்தார். கருப்பசாமியோடு வேலை பார்ப்பவர், மயிலாப்பூர்க்காரர், மனைவி ஊருக்குப் போயிருந்தாள். மூன்றாவது வடையைச் சாம்பாரில் முக்கியபடி அவர் அமெரிக்க அரசியல் சாசனத்தை விளக்கத் தொடங்கினார்.

“மெஜாரிட்டி சொன்னா அதெல்லாம் லா ஆயிடாது, சாந்தாமணி. கான்ஸ்டிட்யூஷன்னு ஒண்ணு இருக்கு. நாளைக்கே இந்தக் கலர்ல இருக்கறவன்லாம் வெளில போன்னு ஓட்டுப் போட்டு ஜெயிச்சா என்ன பண்ணுவீங்க? ஜட்ஜ்தானே ஸ்டாப் பண்ணணும்?”

“அப்ப எதுக்குங்க நம்மகிட்ட ஓட்டு கேக்கறாங்க?” என்றாள் அவள். “அம்பது லட்சம் பேரு ஒரு பக்கம், ஒரே ஒரு ஜட்ஜ் ஒரு பக்கம். ஜட்ஜ் சொல்றதுதான் நடக்கும்னா மொதல்லயே அவரைக் கேட்டுட்டுப் போயிருக்கலாமுங்களே. நான் லீவு போட்டுட்டுப் போய் நின்னனுங்க.”

“அது அப்படி இல்ல. இது வேற கான்செப்ட்.”

“நீங்க சிட்டிசன்ஷிப் அப்ளை பண்ணிட்டீங்களா சார்?”

“எலிஜிபிள் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. ஊர்ல கொஞ்சம் ப்ராப்பர்ட்டி இருக்கு. அதெல்லாம் பாத்துத்தான் பண்ணணும்.”

சாந்தாமணி அவர் தட்டில் இன்னொரு வடையைப் போட்டாள். இரண்டு படகில் கால் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு ஆற்றைப் பற்றி என்ன பேச்சு. கருப்பசாமி டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். எட்டாம் தேதி மீட்டிங் நீண்டுவிட்டதென்று அவன் ஓட்டுப் போடவே போகவில்லை. இந்த இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் குத்தினாள். அதையும் கறுப்பு அங்கி போட்ட ஒருவர் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும். தலைமையாசிரியை டாரத்தி மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். பின்னாலேயே யெசெனியா. மூன்றாம் வகுப்பு. தினமும் காலையில் வகுப்பின் வருகைப்பதிவை இரண்டு கையாலும் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு வந்து தருகிற பெண். சாந்தா என்று சொல்ல வராமல், கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெயரில் மிஸஸ் சான்டா என்பாள். டிசம்பரில் வேலை ஜாஸ்தியா என்று ஒருநாள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். இன்று அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

அந்தப் பெண் இரண்டு பாடப்புத்தகங்களை மேசைமேல் வைத்தாள். மளிகைக்கடைக் காகிதப் பையை வெட்டி அட்டை போட்டிருந்தது. மூலைகள் கூட மடங்கவில்லை. “ஸ்கூல், நோ மோர்,” என்றாள். பிறகு ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். அதில் ‘லேய்’ என்ற சொல் இரண்டு தடவை வந்தது. சட்டம். இந்தப் பத்து நாளில் அந்த மேசைக்கு வந்த ஒவ்வொரு தாயின் வாயிலிருந்தும் வந்து சாந்தாமணி கற்றுக்கொண்ட சொல்.

அறிவிப்புக் கட்டு அவள் முழங்காலை இடித்துக்கொண்டு இருந்தது. குனிந்து ஒரு தாளை உருவி நீட்டினால் போதும், ஒரு வார்த்தை கூடப் பேச வேண்டாம். அவள் குனியவில்லை. சொல்வது என் வேலையா என்று நினைத்தாள். என் ஓட்டை எடுத்தெறிந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? இழுப்பறையைத் திறந்து பெயர் நீக்கப் படிவத்தை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ‘குடிபெயர்வு’ என்று டைப் அடித்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அந்தப் பெண் பேனாவை அழுத்திப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். கலிஃபோர்னியா முழுக்கச் செல்லாமல் போன சாந்தாமணியின் ஓட்டு, அந்த ஒரு மேசையில், அந்த நான்கு நிமிஷம் செல்லுபடியானது. அப்போது அவளுக்கு நன்றாகவே இருந்தது. அதைப் பிற்பாடு அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை.

மதியம் டாரத்தி வந்து படிவத்தைப் பார்த்தாள்.

“நீதிமன்றத் தடையைப் பற்றி அம்மாவிடம் சொன்னாயா, சாந்தா?”

“சொன்னேன்.”

“அப்புறம் நாம் என்ன செய்ய முடியும்,” என்று டாரத்தி பெருமூச்சு விட்டாள். “நீ சொன்னாயே, அதுவே போதும்.” அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். ஒரு கேள்வி, அரைச் சந்தேகம் எதுவும் இல்லை. சொன்னதை அப்படியே நம்பிவிடுகிற இந்த ஜனங்களை எப்போதும் போல மட்டமாக நினைக்கப் பார்த்தாள் சாந்தாமணி. முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை வருகைப்பதிவை வேறொரு சிறுமி ஒரு கையில் ஆட்டிக்கொண்டு வந்து மேசையில் எறிந்துவிட்டு ஓடினாள். அன்று சாயங்காலம் வெங்காயம் அரிந்துகொண்டே கருப்பசாமியிடம் நடந்ததைச் சொன்னாள்.

“அதுக்கு நீ என்ன பண்ணுவ சாந்தா? அவளா வந்தா, அவளா கையெழுத்துப் போட்டா. நீ போகச் சொன்னியா?”

“இல்லீங்க.”

“அப்புறம் என்ன? இதுக்குப் போயி மண்டைய ஒடச்சுக்கற. அவங்களுக்கெல்லாம் இது பழக்கம். வேற ஸ்கூல் பாத்துக்குவாங்க.”

அவன் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து தயிர் இருக்கிறதா என்று பார்த்தான். எவ்வளவு சுலபமாகத் தீர்த்துவிட்டான். ஓட்டுப் போடப் போகாதவன் இப்போது தீர்ப்பு சொல்கிறான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தான் திங்கட்கிழமை நினைக்காதது இல்லை என்பது சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

புதன்கிழமை, மறுநாள் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை என்பதால், பள்ளி பன்னிரண்டரைக்கே விட்டுவிட்டது. கோப்பிலிருந்து யெசெனியாவின் விலாசத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டாள். எல் கமினோ சாலைக்குப் பின்னால், பெயின்ட் உரிந்த இரண்டு மாடி அபார்ட்மென்ட். காரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மேல்மாடியில் ஏறிக் கதவைத் தட்டியபோது, நாம் ஏன் வந்தோம், இவர்களுக்கு நாம் யார் என்று பழைய குரல் ஒன்று உள்ளே முனகியது. கதவு சங்கிலி போட்டபடியே நான்கு விரற்கடை திறந்தது. அந்தப் பெண்ணின் முகம். அவளுடைய இடுப்புக்குக் கீழே யெசெனியாவின் முகம்.

“மிஸஸ் சான்டா,” என்றாள் சிறுமி. சிரிக்கவில்லை.

சாந்தாமணி அறிவிப்புத் தாளை இடைவெளி வழியாக நீட்டினாள். “சட்டத்தை கோர்ட் நிறுத்திவிட்டது. நீ பள்ளிக்கூடம் வரலாம். அம்மாவிடம் சொல்,” என்றாள் ஆங்கிலத்தில். சிறுமி சொன்னாள். அந்தப் பெண் தாளை வாங்கி, உதடு அசைய, அவசரமில்லாமல் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலே போய், தேதி போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள். விரலை எடுக்காமலே சாந்தாமணியைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

“திங்கட்கிழமையே உங்களுக்கு இது தெரியுமா என்று அம்மா கேட்கிறார்,” என்றாள் யெசெனியா.

அந்தப் பார்வையை சாந்தாமணிக்குத் தெரியும். மூன்று வருஷமாக மேசைக்குப் பின்னாலிருந்து அவள் பார்த்த பார்வை அது. எதிரில் இருப்பவரை ஒரே வீச்சில் அளந்து, இவ்வளவுதான் இது என்று ஒதுக்கி வைக்கிற பார்வை. அது தன்மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரிந்ததில்லை. தெரியாது என்று சொல்லிவிடலாம். டாரத்தியைப் போல இந்தச் சிறுமியும் நம்பிவிடும்.

“அன்றைக்கு அந்தத் தாள் என் மேசைக்கு அடியில்தான் இருந்தது,” என்றாள். “நான் எடுத்துக் கொடுக்கவில்லை.”

யெசெனியா உடனே மொழிபெயர்க்கவில்லை. நிமிர்ந்து சாந்தாமணியைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். உள்ளே எங்கோ தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்பானிஷில் சொல்லத் தொடங்கினாள். சாந்தாமணி சொன்னதைவிட அது நீளமாக இருந்தது, நடுநடுவே நின்று நின்று போனது. அதில் சாந்தாமணிக்குப் புரிந்தது ‘மேசா’ என்ற ஒரு சொல்தான். அந்தப் பெண் மகளைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கை சங்கிலியின்மேல் இருந்தது. அதைக் கழற்றவுமில்லை, விடவுமில்லை.