ஒற்றைச் சாக்ஸ்

“சாக்ஸ் வேண்டாம்னா வேண்டாம்! இது என் புருஷனுக்குப் போற பெட்டி, உங்க வீட்டு அலமாரி இல்ல!”

“உன் புருஷனுக்குத்தான் போகுது, யார் இல்லன்னா? ஆனா கிளம்புறது என் மாடியிலிருந்துடி. இங்கேருந்து போற ஒவ்வொரு பெட்டியிலயும் ரெண்டு ஜோடி சாக்ஸ் இருக்கும். அதுதான் சட்டம்.”

“யார் போட்ட சட்டம்?”

“நான் போட்டது!”

சட்டம் போட்டவர் ஹார்டுவேர் கடைக்காரரின் மனைவி. தெரு அவருக்கு வைத்த பெயர் கமாண்டர். எல்லைக்குப் போயிருக்கும் எங்கள் தெருப் பையன்களுக்கு மாதாமாதம் சோப்பு, பிளேடு, பிஸ்கட், பேட்டரி, கூடவே தெருக்காரர்களின் கடிதங்கள் என்று பெட்டி கட்டி அனுப்பும் வேலையைத் தன் கடை மாடியில் ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். படையில் இருக்கிற நிஜக் கமாண்டருக்கு இதில் பாதி அதிகாரமாவது இருக்குமா என்பது எங்களுக்குச் சந்தேகம்.

எதிரில் நின்றவள் லாண்டரியில் இஸ்திரி போடும் பெண். அவளுக்குப் பெயர் சைரன். புருஷனைப் பார்த்து அவள் “பால் வந்தாச்சு” என்று சொன்னால், அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் பாத்திரத்தோடு வெளியே வந்து நிற்பார்கள்.

அந்தப் புருஷன் போர்டு எழுதுகிற பெயிண்டர். மருந்துக்கடை, சலூன், லாண்டரி, ஹார்டுவேர் கடை என்று தெருவில் தலையை நிமிர்த்தி எதைப் படித்தாலும் அவன் கை எழுதியதுதான். வீட்டை எதிர்த்துக்கொண்டு சைரன் அவனைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய அப்பா தெருவின் நடுவில் நின்று, “கையில பிரஷ்ஷைத் தவிர என்ன இருக்கு அவன்கிட்ட?” என்று கேட்டுவிட்டுப் போனது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். கல்யாண போட்டோ பிரேம் போட்டு வருவதற்குள் பெயிண்டருக்கும் படையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

முதலில் கடிதமாக எழுதித் தள்ளினான். முத்து முத்தான எழுத்து, ஓரத்தில் மேலதிகாரியின் மீசை, சமையல்காரரின் தொப்பை என்று படங்கள் வேறு. கொஞ்ச நாளாகக் கடிதம் இல்லை, போன்தான். அதில் சைரனுக்கு ஏகப்பட்ட பெருமை. “மத்தவங்களுக்கெல்லாம் லெட்டர்தான் வருது. என் ஆளு நேரா பேசுறான்!” நாங்களும் கொஞ்சம் பொறாமைதான் பட்டோம். பேச்சே வரும்போது எழுத்தை யார் தேடுவார்கள்?

அன்று கமாண்டர் சாக்ஸைப் பெட்டிக்குள் போட, சைரன் எடுத்து மேஜைமேல் எறிய, அவர் மறுபடி போட, இவள் மறுபடி எறிய, பெட்டிகளுக்கு முகவரி எழுதும் மருந்துக்கடைக்காரர் பேனாவும் கையுமாகக் கழுத்தை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் பிஸ்கட் பாக்கெட்டுகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தோம். கீழே பார்சல் வண்டி வருகிற நேரம்.

“சரி, ஏன் வேண்டாமாம்? காரணத்தைச் சொல்லு, விட்டுடறேன்.”

“அங்க ஒரே வெயிலாம். முகாமை மாத்திட்டாங்களாம். சாக்ஸ் போட்டா கால் வேகுதாம். போதுமா?”

கமாண்டரின் கை பெட்டிக்கு மேலேயே நின்றது.

“முகாமை மாத்திட்டாங்களா?”

“ஆமா. புது அட்ரஸ் சொன்னானே. சார்கூட எழுதிட்டாரு.”

கமாண்டரின் மகனும் அதே படைப்பிரிவுதான். போன வாரம் அவன் எழுதிய கடிதத்தைக் கமாண்டர் ஒருவர் பாக்கியில்லாமல் படிக்க வைத்திருந்தார். ஜன்னல் மறையும் அளவுக்குப் பனி, சாக்ஸுக்கு மேல் சாக்ஸ் போட்டும் கால் மரத்துப்போகிறது, இன்னும் அனுப்பு அம்மா. அது எல்லார் நினைவிலும் ஒரே சமயத்தில் வந்திருக்க வேண்டும். கமாண்டர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

“என் பையன் பழைய இடத்துலதானே இருக்கான்” என்றார்.

யாரோ ஒருவர் டேப் சுருளைக் கீழே போட்டார். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி நிற்கும் வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டியைப் பார்ப்பதற்கு அதைப் பார்ப்பது மேல்.

பெட்டிக்குள் இருந்தவை பெயிண்டர் கேட்ட சாமான்கள். ஒரு அளவு பெரிதாக, தொளதொளவென்று, முன்பக்கம் திறக்கிற சட்டை இரண்டு. ரப்பர் செருப்பு. பூட்ஸ் பாலிஷ் இல்லை, கால் பவுடர் இல்லை. இத்தனை மாதம் பெட்டி கட்டிய எங்களுக்கு எல்லையில் இருப்பவன் எதைக் கேட்பான் என்று தெரியாதா? முதலில் சாக்ஸ், அப்புறம்தான் மற்றது. சாக்ஸே வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்?

சைரன் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

“சார், நீங்க எழுதின அட்ரஸ் எந்த இடம்?”

அவர் முகவரியின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார். “எனக்கு என்னம்மா தெரியும்?”

“மருந்து வாங்க எல்லா ஊருக்கும் போறீங்களே. கையை எடுங்க சார்.”

அவர் எடுத்தார். “அந்தத் தெருவுல பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கும்மா” என்றார், ஏதோ தானே கட்டிய ஆஸ்பத்திரி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு.

“காலா?” என்றாள் சைரன். அவளுக்கு அப்படி மெதுவாகப் பேசக்கூட வரும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

“சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது. அப்படின்னா வீட்டுக்குத் தகவல் வந்திருக்கும்” என்றார் கமாண்டர்.

“அப்ப ஏன் பொய் சொன்னான்?”

அதற்குக் கமாண்டரிடம் சட்டம் எதுவும் இல்லை. “லெட்டர்ல கேட்டுடேன். இப்பவே ஒரு வரி எழுதி உள்ள வை.”

“கேட்டா இன்னொரு பொய் சொல்லுவான். நான் கூப்பிடலாம்னா அவன் பேசுற போனோட நம்பர் இங்க காட்டாது, அவனா கூப்பிட்டாதான் உண்டு.”

கீழே வண்டி ஹாரன் அடித்தது. சைரன் கமாண்டரின் கையிலிருந்து ஒரு ஜோடி சாக்ஸை வாங்கினாள். இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒன்றைச் சட்டைகளுக்கு மேல் வைத்தாள். மற்றதை மேஜையில் போட்டாள்.

“என்னடி பண்றே? ஒத்தைச் சாக்ஸா?”

“ஆமா.”

“பைத்தியமா உனக்கு? ரெண்டு காலும் நல்லா இருந்தா என்ன நினைப்பான்?”

“நல்லா இருந்தா போன் பண்ணித் திட்டட்டும். வாங்கிக்கறேன்.”

ரெண்டு காலும் இல்லாமல் இருந்தால் என்று எங்களில் ஒருத்தி கேட்க வாயெடுத்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் காலை நன்றாக மிதித்தாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. சைரன் ஒட்டிய டேப் கோணிக்கொண்டு போனது. கோணல் டேப்பைக் கண்டால் பிரித்து ஒட்டவைக்கும் கமாண்டர் அன்று பெட்டியை அப்படியே தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அதற்குப் பிறகு தெரு பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். சைரன் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டாள். வேலைக்குப் போனாள், வந்தாள், போனை இஸ்திரி மேஜையில் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டாள். இத்தனை காலம் அவள் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லியே பொழுதைப் போக்கிய நாங்கள், சத்தம் இல்லாத வீட்டைக் கடக்கும்போது நடையை எட்டிப் போட்டோம். ஒரு நாள் அவளுடைய போன் அடித்தது. தெருவே ஜன்னலுக்கு வந்தது. தவறான எண். அவள் அந்த ஆளிடம் பொறுமையாக, “பரவாயில்லைங்க” என்றாள். அதைக் கேட்டதும் நாங்கள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டோம்.

கால்தான் என்று தெரு தீர்மானித்துவிட்டது. வலதா இடதா என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. கொத்தனார் ஒருபடி மேலே போனார். சைரன் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அவள் வீட்டு வாசற்படிகளை உடைத்து, சக்கர நாற்காலி ஏறுவதற்குத் தோதாகச் சிமெண்டுச் சரிவு ஒன்றைப் போட்டுவிட்டார். யாரும் கேட்கவில்லை, இவராகவே செய்த உபகாரம். சாயங்காலம் வந்த சைரன் ஈரச் சிமெண்டைச் செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்தாள். கொத்தனார் வசவுக்குத் தயாராகக் காதைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். அவள் ஓரமாகத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். “திட்டியிருந்தாகூட நல்லா இருந்திருக்கும்” என்று அவர் அப்புறம் புலம்பினார்.

அடுத்த மாதப் பெட்டி கட்டும் நாளில் அந்த அழைப்பு வந்தது. மாடியில் எல்லாரும் இருந்தோம். சைரனின் இரண்டு கையும் டேப்பில். போனைப் பார்த்தாள், தொடவில்லை. கமாண்டர்தான் பொத்தானை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்தார். நாகரிகம் தெரிந்தவர்கள் வெளியே போயிருப்பார்கள். நாங்கள் இன்னும் கிட்டே வந்தோம்.

“என்னடி, ஒத்தைச் சாக்ஸ் வந்திருக்கு? இன்னொண்ணை எலி தூக்கிட்டுப் போயிடுச்சா?”

“எந்தக் கால்?” என்றாள் சைரன்.

“என்ன எந்தக் கால்?”

“வலதா, இடதா?”

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. “ரெண்டும் இருக்குடி. சத்தியமா. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.”

மாடி முழுக்க மூச்சு விட்டது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கமாண்டர் “நான்தான் சொன்னேனே” என்று ஆரம்பித்தார். சைரன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். கையில் டேப் தொங்கியது.

“அப்ப ஏன் சாக்ஸ் வேண்டாம்னே?”

“அதை விடு, பெட்டி கட்டியாச்சா?” என்றான் அவன்.

“உன்னைத்தான் கேக்கறேன்.”

“மாட்ட முடியலடி. ஒரு கையால சாக்ஸ் மாட்டிப் பாரு, தெரியும்.”

எந்தக் கை என்று அவள் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார். அங்கே ‘நம்ம தெருப் பையன்களுக்கு’ என்று பெயிண்டர் கிளம்புவதற்கு முன்பு எழுதிக் கொடுத்த போர்டு தொங்கியது. கடிதம் எப்போது நின்றது, போன் எப்போது ஆரம்பித்தது என்பதை ஒவ்வொருவராகக் கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. சாக்ஸிலிருந்து ஆஸ்பத்திரியையே கண்டுபிடித்துவிட்ட எங்கள் மூளைக்கு, கண்ணெதிரே கடிதம் வராதது எட்டவில்லை.

“தகவல் அனுப்பறோம்னாங்க. நானே சொல்லிக்கறேன்னு நிறுத்திட்டேன்” என்றான் அவன். “உங்கப்பா அன்னிக்குக் கேட்டாரே, பிரஷ்ஷைத் தவிர என்ன இருக்குன்னு. இப்ப அதுவும் இல்லடி. நீ வேணா அவங்க வீட்டுக்கு…”

“வாயை மூடு!”

பழைய சைரன் திரும்பி வந்துவிட்டாள். கீழே கடையில் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்த கமாண்டரின் புருஷன் தராசைப் பிடித்துக்கொண்டாராம்.

“மூளை இருக்கா உனக்கு? ஒரு கையை வச்சுக்கிட்டுப் பட்டன் சட்டை கேட்டியே, பட்டனை யாரு போடுவா?”

“நர்ஸ் போட்டுவிடுறாங்க.”

“நர்ஸா?”

“வயசானவங்கடி…”

“எவளா இருந்தா என்ன! பிரஸ் பட்டன் வச்சுத் தைச்சு அனுப்புறேன். நீயே போட்டுக்கோ. நானும் போடமாட்டேன், எவளும் போடக் கூடாது. கேக்குதா?”

“பக்கத்து வார்டுக்கே கேக்குது” என்றான் அவன். சைரன் டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எங்களுக்குக் கொஞ்சம் வெட்கம் வந்து, படியிறங்கினோம்.

கொஞ்ச நாளில் அவன் வந்து சேர்ந்தான், இரண்டு காலாலும் நடந்து. வாசலில் சரிவைப் பார்த்து, “இது என்ன, என்னை உருட்டிவிடவா?” என்று கேட்டான். கொத்தனார் அன்று வெளியூர் போயிருந்ததாகச் சொன்னார்கள். சைரனின் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். உள்ளே என்ன பேச்சு நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. வந்த பஸ் திரும்புவதற்குள் அவர் அதிலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்.

ஆனால் தெருதான் அவனுக்கு ஒத்துவரவில்லை. தலையை நிமிர்த்தினால் அவன் எழுதிய எழுத்து. நாங்கள் வேண்டுமென்று பார்க்கவில்லை. கண் தானாகவே போர்டுக்குப் போய், அங்கிருந்து அவன் சட்டைக் கைக்கு வந்து, மறுபடி போர்டுக்குப் போனது. சலூனுக்குக்கூடப் பின்சந்து வழியாகப் போக ஆரம்பித்தான். அதைக் கவனித்த சைரன் வேறு ஊரில் ஒரு பெரிய லாண்டரியில் வேலை தேடிக்கொண்டாள். அந்த வருஷம் முடிவதற்குள் இருவரும் மூட்டை கட்டினார்கள். அவன் எழுதிய போர்டு ஒன்றுகூட இல்லாத ஊர். அங்கே பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்கிறானாம். அந்த வீட்டில் மைக்குக்குப் பொருத்தமான ஆள் வேறு என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார்.

அந்த இன்னொரு சாக்ஸ் என்னவாயிற்று என்று கேட்டால் கமாண்டர் பேச்சை மாற்றுகிறார். மேஜையில் ஒரு சாமான் சும்மா கிடக்க விடமாட்டார் அவர். யாரோ ஒருத்தன் பெட்டியில் போயிருக்க வேண்டும். ஒற்றைச் சாக்ஸைப் பிரித்துப் பார்த்த அந்தப் பையன் என்ன நினைத்தானோ.

கமாண்டரின் மகன் முழுசாகத் திரும்பி வந்து மருந்துக்கடைக்காரரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு, மாமனார் வீட்டு மாடிக்கே குடிபோய்விட்டான். அம்மாவின் சட்டங்களுக்கு முகாமே தேவலை என்று சொன்னதாகக் கேள்வி. சைரன் இருந்த வீட்டுக்கு ஒரு முட்டை வியாபாரி வந்திருக்கிறார். தள்ளுவண்டியோடு நேராக உள்ளே ஏறிவிடுகிறார். ஒரு முட்டைகூட உடைவதில்லையாம். சரிவைப் போட்ட கொத்தனாரை வாயாரப் புகழ்கிறார்.