இணைந்துள்ளது, இணையம் இல்லை

கம்ப்யூட்டர் திரையின் கீழ் மூலையில் விசிறி மாதிரி ஒரு சின்ன அடையாளம் உண்டு. அதைத் தொட்டால் ஒரு வரி எழுந்து நிற்கும். இன்று எழுந்து நின்ற வரி, "இணைந்துள்ளது, இணையம் இல்லை" என்றது. தையல்காரி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இணைந்துள்ளது என்றால் எதோடு? இணையம் இல்லை என்றால் இணைந்து என்ன பயன்? கல்யாணம் ஆகிவிட்டது, மாப்பிள்ளைதான் இல்லை என்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

இரண்டு மணிக்குத் தேர்வு. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் உதவியாளர் வேலைக்கான தேர்வு. வீட்டிலிருந்தே, கேமராவுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு எழுத வேண்டும். இரண்டரைக்குள் உள்ளே நுழையாதவர்களுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். வயது வரம்பு அவளுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. பகலெல்லாம் அடுத்த வீட்டுச் சட்டைகளுக்கும் திரைச்சீலைகளுக்கும் மெஷின் மிதித்துவிட்டு, மிச்ச நேரத்தில் வாயில் நுழையாத மருந்துப் பெயர்களை உருப்போட்டிருந்தாள். இஸ்திரி போடும்போதுகூட முணுமுணுப்பாள். "படிக்கிறியா, யாருக்காவது சாபம் விடறியா?" என்று மாமியார் ஒருநாள் கேட்டதும் உண்டு.

நேற்று வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரை அப்டேட் செய்துவிட்டுத்தான் தேர்வுக்கு உட்கார வேண்டும் என்று தேர்வு நடத்துகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். சொன்ன சொல்லைத் தட்டத் தெரியாதவள் அவள். காலையில் அப்டேட்டைப் போட்டாள். கம்ப்யூட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது, எழுந்தது, மறுபடி படுத்தது, கடைசியில் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்ததுபோல் பளிச்சென்று வந்து நின்றது. நின்றதிலிருந்து இந்த வரிதான்.

"தம்பி, கொஞ்சம் வாங்களேன்" என்று கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

கொழுந்தன் கடைத்தெருவில் போன் உறைகள் விற்கிறவன். இன்று அவனுக்கு வார விடுமுறை. போனுக்கு உறை போடத் தெரிந்தவனுக்குப் போனுக்குள் இருப்பதும் தெரியும், கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் தெரியும் என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. அவனும் அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தான்.

"என் போன்ல படம் ஜம்முன்னு ஓடுதே அண்ணி. நெட் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இதுல ஏன் வரல?"

"இருங்க, இருங்க." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வீட்டு இணைப்பின் பெயரை நீக்கினான். பட்டியலில் அந்தப் பெயர் திரும்ப வந்தது. கடவுச்சொல்லைப் புதிதாக அடித்தான். சக்கரம் சுற்றியது. இணைந்துள்ளது, இணையம் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். அதே வரி. கீழே குனிந்து, எதற்கென்று தெரியாமல், எல்லா ஒயர்களையும் ஒரு தடவை அழுத்திவிட்டு எழுந்தான்.

"புரியல அண்ணி" என்றான்.

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என் போன்லேர்ந்து நெட் தரட்டுமா?"

"கூடாதாம். போன் இணைப்புல எழுதினா செல்லாதுன்னு விதி. போனே அறைக்குள்ள இருக்கக்கூடாதாம்."

நடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "அப்டேட்டுன்னா என்ன? புது மருமக வந்த மாதிரிதானே. வீட்டுல யார் யாருன்னு பிடிபட நாலு நாள் ஆகும். அவசரப்படுத்தாதீங்க."

"நாலு நாள் இல்லை அத்தை, அரை மணிதான் இருக்கு!"

"நீ வந்தப்போ எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தையல்காரி இணைப்புக் கம்பெனியைப் போனில் கூப்பிட்டாள். பாட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டு முடியவே முடியாது போலிருந்தது. கடைசியில் ஒரு பெண் வந்தாள், குரலில் தூக்கக் கலக்கமும் மரியாதையும் பாதிப் பாதி.

"உங்க லைன் சரியாத்தான் இருக்கு மேடம். இங்கேர்ந்து பார்த்தா எல்லாம் பச்சை."

"இங்கே ஒண்ணும் பச்சையா இல்லைம்மா."

"வீட்டுல நெட் பெட்டி எங்கே இருக்கு மேடம்? அதுல எத்தனை விளக்கு எரியுதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

பெட்டி முன்கூடத்தில் இருந்தது. தையல் அறை வீட்டின் பின்பக்கம். நடுவே நீள நடை. கொழுந்தன் கூடத்துக்கு ஓடினான். தையல்காரி கம்ப்யூட்டரை விட்டு நகராமல் கத்தினாள். "பெட்டியில எத்தனை விளக்கு எரியுது?"

"நாலு!" என்றது கூடம்.

"ஒண்ணு!" என்றது நடை.

தையல்காரி தடுமாறினாள். போனில் அந்தப் பெண், "மேடம், நாலா, ஒண்ணா?" என்றாள்.

"நாலுன்னும் சொல்றாங்க, ஒண்ணுன்னும் சொல்றாங்க."

"ஒரே பெட்டிதானே மேடம்?"

"ஒரே பெட்டிதான்." மாமியாருக்குக் கண் புரை. நாலு விளக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கும் என்று தையல்காரியே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். நடையில் இருப்பவளுக்குக் கூடத்துப் பெட்டி எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை. பதற்றத்தில் யாருக்குத்தான் தோன்றும்?

"சரி மேடம். பெட்டியை அணைச்சிட்டு, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி போடச் சொல்லுங்க."

"அணைச்சிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுப் போடணுமாம்!"

கூடத்தில் டக்கென்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொரு டக். கொழுந்தன் வேலையை முடித்துவிட்டான். திரையில் மாற்றமில்லை. வரி அப்படியே நின்றது. தையல்காரி விசிறி அடையாளத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் முறைத்ததற்குப் பயந்ததுபோல் திடீரென்று அந்த வரி மறைந்தது. தேர்வுப் பக்கம் விரிந்தது. நீல நிறத்தில் அவள் பெயர், பதிவு எண், 'உள்ளே நுழைக' என்ற பொத்தான்.

"வந்திடுச்சு! வந்திடுச்சும்மா, நீ நல்லா இருப்பே!"

"மகிழ்ச்சி மேடம். வேற ஏதாவது உதவி..."

தையல்காரி பொத்தானை அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூலையில் அந்த வரி, எங்கேயும் போகவில்லை என்பதுபோல், திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

"போயிடுச்சு" என்றாள்.

அதே நேரம் நடையிலிருந்து மாமியார் நிம்மதியாகச் சொன்னாள். "நான் போட்டுட்டேன்மா!"

"எதைப் போட்டீங்க?"

"நீதானே அணைச்சிட்டுப் போடச் சொன்னே? முட்டி வலியோட எழுந்து போய் அணைச்சேன். நூறு எண்ணினேன். போட்டுட்டேன்."

தையல்காரி நடைக்கு வந்தாள். செருப்பு அலமாரிக்குப் பின்னால், தரையை ஒட்டிய சுவிட்சில், தூசி படிந்த ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் ஒற்றைப் பச்சை விளக்கு.

கூடத்திலிருந்து வந்த கொழுந்தன் பேயறைந்தவன்போல் நின்றான். "அம்மா! இது பழைய பெட்டி. புதுசு வந்தன்னிக்கே பழைய சாமான்காரன்கிட்ட போடச் சொன்னேனே?"

"நல்லா எரியற விளக்கை எவனாவது தூக்கிப் போடுவானா? இருட்டுல பாத்ரூமுக்கு இதை வெச்சுத்தான் வழி பார்க்கிறேன். ஒரு சின்ன விளக்கு வாங்கித் தாடான்னு உன்னை எத்தனை தடவை கேட்டிருப்பேன்?"

கொழுந்தன் குனிந்து பழைய பெட்டியைப் பார்த்தான். அவன் முகத்தில் வேறு ஏதோ ஓடியது. "அண்ணி" என்றான் மெதுவாக. "புதுப் பெட்டிக்கு நான்தான் பேர் வெச்சேன். டி.வி., போன், எல்லாத்துலயும் மாத்திக்கிட்டு இருக்கணுமேன்னு பழைய பேரையே வெச்சிட்டேன். கடவுச்சொல்லும் அதே."

போனில் அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் குரலில் தூக்கம் இல்லை. "அதான் மேடம். ரெண்டு பெட்டிக்கும் ஒரே பேர். இத்தனை நாள் கம்ப்யூட்டர் புதுசையே பிடிச்சிட்டு இருந்திருக்கும். அப்டேட்ல அது மறந்திருக்கலாம். எது பக்கத்துல பலமா இருக்கோ, அதுகிட்ட போயிடுச்சு. பழைய பெட்டிக்கு லைன் ஏதும் வருதா?"

"வராது. வெறும் விளக்குதான்" என்றான் கொழுந்தன்.

"அதான் இணைஞ்சிருக்கு, இணையம் இல்லை."

தையல்காரிக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. நடையில் நின்று போனில் படம் பார்த்தால் ஏன் பாதியில் நின்றுபோகிறது என்று இத்தனை நாளாகச் சுவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரி. ஆனால் மாதக்கணக்காக ஒன்றோடு இருந்த கம்ப்யூட்டர் ஒரு காலைப்பொழுதில் எப்படி மறக்கும்? மனசுக்குள் மருந்துப் பெயர்கள் அவளுக்கும் ஒவ்வொன்றாக நழுவுவதுபோல் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். யோசிக்க நேரமில்லை.

"அத்தை, பிடுங்குங்க!"

மாமியார் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பெட்டியையே இடுப்பில் எடுத்துக்கொண்டாள். "இதைத் தனியா விட்டா நம்ப முடியாது" என்றாள்.

கொழுந்தன் போனை வாங்கிக்கொண்டு வெளியே போனான். தையல்காரி அறைக்கு ஓடினாள். வரி மறைந்தது. தையல்காரி பொத்தானை அழுத்தினாள். இம்முறை கதவு திறந்தது. திரையில் ஒரு கண்காணிப்பாளர், கண்ணாடி போட்டவர், கழுத்தில் அடையாள அட்டை.

"கடைசி நிமிஷத்துல வர்றீங்க. கேமராவைச் சுத்திக் காட்டுங்க. அறை முழுக்க."

அவள் கம்ப்யூட்டரை மெல்லத் திருப்பினாள். தையல் மெஷின். இஸ்திரி மேசை. ஜன்னல். வாசற்படியில் மாமியார், இடுப்பில் பெட்டி, தரை வரைக்கும் தொங்கும் ஒயர்.

"நில்லுங்க. அது யாரு? கையில என்ன கருவி?"

தையல்காரி வாசற்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கருவியா? இது விளக்குங்க" என்றாள் மாமியார், கம்ப்யூட்டருக்குக் காது கேட்காது என்பதுபோல் உரக்க. "இது எரிஞ்சா அவளுக்கு நெட் வராது. அதான் பிடிச்சிட்டு நிக்கிறேன்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "எரிஞ்சா வராதா?"

"ஆமாங்க."

"எரியாம இருந்தாத்தான் வரும்?"

"ஆமாங்க. எனக்கும் ஒண்ணும் புரியல. பையனைக் கேளுங்க, அவன்தான் பேர் வெச்சான்."

அவர் எதையோ கேட்க வாயெடுத்தார். எந்தக் கேள்வியில் தொடங்குவது என்று தெரியாததாலோ என்னவோ, மூடிக்கொண்டார். "அம்மா, அதை எடுத்துக்கிட்டு வெளியே போயிடுங்க. கதவைச் சாத்திக்கோங்க. நீங்க ஆரம்பிக்கலாம்."

கதவு சாத்தப்பட்டது. அதற்கு அப்பால் மாமியார் முக்காலியில் உட்காரும் சத்தமும், "டேய், யாரும் எந்த சுவிட்சையும் தொடாதீங்கடா" என்ற அதட்டலும் கேட்டன.

முதல் கேள்வி வந்தது. தையல்காரி படித்தாள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மறுபடி படித்தாள். ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது, சேர்ந்து என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. கண்ணை மூடி, இஸ்திரிப் பெட்டி கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, உதட்டுக்குள் முணுமுணுத்தாள். நாலாவது பெயரில் விடை நின்றது. அழுத்தினாள்.

இரண்டாவது கேள்வி சுத்தமாகத் தெரியவில்லை. அதை விட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போனாள்.