ஆறு கிராம் சாட்சி

அச்சடிக்கும்போதே பிழையான நாணயங்களுக்கான போட்டியில், அண்ணியின் பாதி எழுத்தில்லாத காசை நடுவர் ஒதுக்கினார். "இது துரு அரிச்ச காசும்மா. மேசையைக் காலி பண்ணுங்க."

"இதுக்குத்தான் மருந்துக்கடைத் தராசையும் தூக்கிட்டு வந்தீங்களா அண்ணி?" கொழுந்தன் சிரித்தான்.

அண்ணி தராசில் அதே மதிப்பும் வருடமும் உள்ள, தேயாத காசு ஒன்றை வைத்தாள். ஆறு கிராம். பிறகு தன் காசை வைத்தாள். அதே ஆறு கிராம்.

"துரு தின்னிருந்தா எடை குறைஞ்சிருக்கணுமே சார். காசு அடிக்கிற அச்சுல கிரீஸ் அடைச்சிருந்தா எழுத்து மட்டும்தான் விழாது, எடை அப்படியே இருக்கும்."

நடுவர் லென்ஸை எடுத்தார். எழுத்தில்லாத இடம் வழவழப்பாக இருந்தது. அரிப்பின் குழி ஒன்றுகூட இல்லை. முதல் பரிசு அட்டையை அவரே அவள் மேசையில் வைத்தார்.

கொழுந்தன் கை நீட்டினான். "பையைக் குடுங்க அண்ணி. தராசை நானே தூக்கிட்டு வரேன்."